கிளம்ப மறுக்கும் பழைய வீட்டுக் கணினி: கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் பார்க்க வேண்டியவை

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினியைப் பிள்ளைகளின் படிப்புக்கோ, கடைக் கணக்குக்கோ, பத்திரம் தட்டச்சு செய்வதற்கோ இன்னும் வைத்திருக்கிற வீடுகள் நெல்லைச் சீமையில் ஏராளம். அப்படிப்பட்ட கணினி ஒரு நாள் பொத்தானை அழுத்தியும் எழும்பாமல் போனால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கணினி இப்படி நின்றபோது ஒரு கடையில் மூடியைத் திறந்து அரை நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு போயிட்டு அண்ணாச்சி, புதுசு பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். போர்டுக்கு, அதாவது பாகங்கள் எல்லாம் பொருந்தும் மதர்போர்டுக்கு, ஒன்றும் ஆகவில்லை. எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மட்டும் பழுதாகியிருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் பட்ட அலைச்சலை மற்றவர்களும் பட வேண்டியதில்லை.

கீழே உள்ளவை மேசைக் கணினிக்கு மட்டுமே பொருந்தும். மடிக்கணினியின் சங்கதி வேறு. கையில் ஒரு ஸ்டார் திருப்புளி, பெயின்ட் அடிக்கும் சிறிய பிரஷ், பென்சில் அழிப்பான், டார்ச் ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்க முடிந்தால், அந்தச் செலவை முதல் சோதனையிலேயே திரும்ப எடுத்துவிடலாம்.

1. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஓடவில்லை" என்று சொன்னால் கடைக்காரருக்கும் ஒன்றும் புரியாது, உங்களுக்கும் புரியாது. பொத்தானை அழுத்தியபின் நடப்பதை ஒரு நிமிடம் பொறுமையாகக் கவனித்தால், பழுது கீழ்க்கண்ட நான்கில் ஒன்றாக இருப்பது தெரியும். விளக்கும் எரியாமல் விசிறியும் சுற்றாமல் இருந்தால் அது மின்சாரம் சார்ந்த பழுது. விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால் ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்), டிஸ்ப்ளே ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். திரையில் நிறுவனத்தின் சின்னம் வந்து, அதன்பின் ஏதோ ஓர் ஆங்கிலச் செய்தியோடு நின்றுவிட்டால் சிமாஸ் பேட்டரியையும் (போர்டில் உள்ள சிறு செல்) ஹார்டு டிஸ்கையும் (கோப்புகள் இருக்கும் இடம்) பார்க்க வேண்டும். விண்டோஸ் வரை வந்து நீலத்திரை காட்டினாலோ, பத்து நிமிடம் ஓடித் தானாக அணைந்தாலோ, சூடு, டிஸ்க், விண்டோஸ் ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

திரையில் வரும் செய்தியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் எந்தக் கடைக்காரரிடமும் பேச உங்களுக்குக் கிடைக்கும் ஆதாரம்.

2. பெட்டியைத் திறக்காமலே தீர்பவை

முதலில் யூபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். வீட்டு யூபிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழந்துவிடும்; அதன்பின் கணினியின் பாரம் ஏறியதும் யூபிஎஸ் சத்தம் போட்டு அணைந்துவிடும், நாம் கணினியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். சிபியுவின் வயரை நேராகச் சுவரில் உள்ள பிளக்கில் செருகிப் பாருங்கள். கிளம்பினால் செலவு யூபிஎஸ் பேட்டரியோடு முடிந்தது. பம்புசெட் ஓடும் நேரங்களில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில், மாலையில் கிளம்பாத கணினி அதிகாலையில் கிளம்புவதும் உண்டு. ஆகவே நேரத்தை மாற்றியும் ஒருமுறை பார்க்கலாம்.

பழைய எஸ்எம்பிஎஸ்களின் பின்புறம், வயர் செருகும் இடத்துக்கு அருகில், 115 என்றும் 230 என்றும் எழுதிய சிவப்பு நிறச் சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும். நம் நாட்டில் அது எப்போதும் 230இல்தான் இருக்க வேண்டும். சுத்தம் செய்யும்போதோ குழந்தைகள் விளையாடும்போதோ அது 115க்கு நகர்ந்து, அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் எஸ்எம்பிஎஸ் வெடித்துவிடும். சுவிட்ச் போடுவதற்கு முன் இதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மானிட்டரில் "நோ சிக்னல்" என்று வந்தால் மானிட்டர் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். கேபிளை இருபுறமும் கழற்றி, ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்து மீண்டும் இறுக்குங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிள் கார்டில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும்; வீடு மாற்றியபின் மதர்போர்டின் துளையில் செருகிவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர். பென்டிரைவ், பிரிண்டர், கார்டு ரீடர் என்று செருகியிருப்பவை அனைத்தையும் உருவிவிட்டு, கீபோர்டும் மவுசும் மட்டும் இருக்க ஒருமுறை கிளப்பிப் பாருங்கள்.

3. ஆவணங்களும் படங்களும்

திருப்புளியை எடுக்கும் முன் பில்லைத் தேடுங்கள். கணினியின் உத்தரவாதம் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் இடையில் மாற்றிய ஹார்டு டிஸ்க், ராம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனி உத்தரவாதம் உண்டு. அவற்றில் சில இன்னும் நடப்பில் இருக்கலாம். பில்லில் பொருளின் சீரியல் எண் எழுதப்பட்டிருந்தால்தான் அது பயன்படும். துண்டுச்சீட்டில் "ஹெச்டிடி 1" என்று மட்டும் எழுதியிருந்தால், அதை வாங்கிய கடையைத் தவிர வேறெங்கும் காட்ட முடியாது.

கணினியோடு விண்டோஸும் வாங்கியிருந்தால் பெட்டியின் பக்கவாட்டிலோ மேற்புறத்திலோ 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கை பட்டுப் பட்டு அழியக்கூடியது என்பதால் இப்போதே படமெடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்ததும் எந்த வயர் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பது தெரியும்படி நான்கைந்து படங்கள் எடுங்கள். ராமிலும் டிஸ்கிலும் உள்ள ஸ்டிக்கர்களைத் தனித்தனியாக எடுங்கள். கடையில் பொருள் மாறிப்போனால் காட்டுவதற்கு இவைதான் இருக்கும்.

4. மூடியைத் திறந்ததும்: தூசு, எறும்பு, பல்லி

பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதுமாக உருவியபின், ஆன் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும் ஊர்களிலும், திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் தேரிகளை ஒட்டிய ஊர்களிலும் பெட்டியின் அடியில் மாவு போன்ற செந்தூசு படிந்திருக்கும். பீடி சுற்றும் வீடுகளில் படிவது வேறு வகை: புகையிலைத் தூள் விசிறியின் எண்ணெய்ப் பசையோடு கலந்து, பிராசஸரின் (கணினியின் மூளையான சில்லு) மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பழுப்பு நிறக் கம்பளிபோல அடைத்துக்கொண்டிருக்கும். காற்று புகாத பிராசஸர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சில நிமிடங்களிலேயே கணினியை அணைத்துவிடும். "பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் நின்னுடுது" என்னும் பழுதில் பெரும்பகுதி இதுதான். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், விசிறியை ஒரு விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். ஈரத்துணி கூடாது. பஞ்சர் கடைக் காற்றும் கூடாது. அந்தக் கம்ப்ரசரிலிருந்து ஈரமும் எண்ணெயும் சேர்ந்தே வரும்.

சுத்தம் செய்தும் சூடு குறையவில்லை என்றால், பிராசஸர் விசிறியின் நான்கு பிளாஸ்டிக் கால்களும் போர்டில் சரியாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் எழும்பியிருந்தாலே போதும், தகடு ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு சூடு ஏறும். விசிறியைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

எறும்புக் கூட்டமும் கருகிய பல்லியும் கண்ணில் பட்டால் வியப்படையாதீர்கள். பெட்டியின் பின்புறத் திறப்புகளைத் தகட்டால் மூடாமல் விட்ட கணினிகளில் இது வழக்கம். பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ பழுது அங்கே இருக்கிறது. போர்டையே தூக்கி எறிய வேண்டியதில்லை. டிவி பழுதுபார்ப்பவர்களில் கை தேர்ந்தவர் ஒருவர் அவற்றைச் சில நூறு ரூபாய்க்கு மாற்றித் தருவார்.

5. எஸ்எம்பிஎஸ்

விளக்கும் எரியாத கணினியில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். மதர்போர்டுக்கு இதிலிருந்து இரண்டு இணைப்புகள் போகின்றன: 24 ஊசிகள் கொண்ட பெரியது ஒன்று, பிராசஸருக்கு அருகில் 4 அல்லது 8 ஊசிகள் கொண்ட சிறியது ஒன்று. சிறியது தளர்ந்திருந்தால் விசிறிகள் எல்லாம் சுற்றும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. இதைப் பார்த்துத்தான் பலர் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். இரண்டையும் கழற்றி, கிளிப் பிடிக்கும் சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள்.

அப்போதும் கிளம்பாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். பிளக்கை உருவிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கும் டிஸ்குக்கும் போகும் இணைப்புகள் அனைத்தையும் கழற்றுங்கள். 24 ஊசி இணைப்பில் பச்சை வயர் ஒன்றே ஒன்று இருக்கும். அதையும் அருகிலுள்ள ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு, அதன்பின் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி சுற்றினால் அதற்கு உயிர் இருக்கிறது. சுற்றாவிட்டால் அநேகமாக அது முடிந்துவிட்டது.

விசிறி சுற்றியதை வைத்து மட்டும் எஸ்எம்பிஎஸ் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைக் கறுப்பு வயரில் வைத்து, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும், ஆரஞ்சில் ஏறத்தாழ 3.14 முதல் 3.47 வரையும் காட்டுகிறதா என்று பாருங்கள். ஊதா நிற வயரில், பச்சையை இணைக்காத நிலையிலும் 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஆன் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

எஸ்எம்பிஎஸ் பெட்டியின் நான்கு ஸ்குரூக்களை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அது உயிரை வாங்கக்கூடியது.

புதிதாக வாங்கும்போது கையில் எடுத்து எடை பாருங்கள். "450 வாட்" என்று எழுதிய, தேங்காய் மூடியைவிடக் கனமில்லாத பெட்டிகள் 600, 700 ரூபாய்க்குக் கிடைக்கும். அவை எழுதியதைத் தருவதில்லை, போகும்போது போர்டையும் உடன் அழைத்துச் சென்றுவிடும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினி 150 வாட்டைத் தாண்டுவது அரிது என்பதால் பெரிய எண்ணுக்கு ஆசைப்பட வேண்டாம். மூன்றாண்டு உத்தரவாதம் தருகிற பெயருள்ள நிறுவனத்தின் 400, 450 வாட் பெட்டி ஏறத்தாழ 2,000 ரூபாயிலிருந்து கிடைக்கும், அதையே வாங்குங்கள்.

வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ திருநெல்வேலி வருபவர்கள், பேருந்தில் முழுப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கழற்றி ஒரு துணிப்பையில் கொண்டுவந்தால், ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ உள்ள கடைகளில் சில நிமிடங்களில் சோதித்துச் சொல்லிவிடுவார்கள்.

6. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு: ராம்

உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் ராமின் தங்க நிறப் பட்டைகள் மங்கி, சில இடங்களில் கறுத்தே போயிருக்கும். ராமின் இருபக்கக் கிளிப்புகளையும் விரித்து எடுத்து, பட்டைகளைப் பென்சில் அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, அழிப்பான் தூளை உதறிவிட்டு மீண்டும் செருகுங்கள். இருபக்கக் கிளிப்புகளும் தாமாக மூட வேண்டும். ஐந்து ரூபாய் அழிப்பானில் தீர்கிற பழுது இது. ஒரு கடையில் இதற்கு 800 ரூபாய் வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு ராம்கள் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு துளையிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

போர்டு உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ராம் அனைத்தையும் கழற்றிவிட்டுக் கணினியைக் கிளப்புங்கள். போர்டும் பிராசஸரும் வேலை செய்தால், ராம் இல்லை என்று அது பீப் ஒலியால் கத்தும். அப்படிக் கத்தினால் "போர்டு போயிட்டு" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. பல பெட்டிகளில் பீப் ஒலி தரும் குட்டி ஸ்பீக்கரே இருக்காது. மிகச் சில ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கும், போர்டில் ஸ்பீக்கர் என்று அச்சிட்ட ஊசிகளில் செருக வேண்டும். எத்தனை பீப் என்பதன் பொருள் பயாஸுக்குப் பயாஸ் (கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) மாறுவதால், உங்கள் போர்டின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ராம் வாங்கும்போது இரண்டு பொறிகள் உள்ளன. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஆகிய மூன்றுக்கும் நடு வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் துளையில் மற்றொன்று நுழையாது. ஆகவே வலிந்து அழுத்தாதீர்கள், பழைய ராமையே மாதிரிக்குக் கொண்டுபோங்கள். இணையத்தில் வியப்பூட்டும் மலிவு விலைக்கு விற்கும் 4 ஜிபி ராம்களில் சில, ஏஎம்டி நிறுவனப் பிராசஸருக்கான போர்டுகளில் மட்டுமே வேலை செய்பவை. அந்த விவரம் கீழே சிறிய எழுத்தில் இருக்கும், இன்டெல் போர்டில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

7. சிமாஸ் பேட்டரி

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசைப் போலத் தெரியும் 3 வோல்ட் செல்லின் எண் சிஆர்2032. மின்சாரம் இல்லாதபோதும் நாளையும் நேரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் எஃப்1 அழுத்தச் சொன்னாலோ, தேதி பல ஆண்டுகள் பின்னே போனாலோ, தேதி தப்பானதால் வங்கி இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வந்தாலோ, செல் தீர்ந்துவிட்டது. 30 முதல் 60 ரூபாய்க்குள் கிடைக்கும். வாட்ச் கடையிலும் வாங்கலாம்.

செல்லை மாற்றும் வேலை எளிது, அதற்குப் பின்னால்தான் ஒரு பெரிய பொறி இருக்கிறது. செல் தீர்ந்ததும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அவற்றுள் சாட்டா மோட் (போர்டு டிஸ்கோடு பேசும் முறை) என்பது ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கோ, ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாறிவிட்டால், விண்டோஸ் தொடங்கும்போது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வரும். இதைப் பார்த்ததும் விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும் என்பார்கள். செய்ய வேண்டியதெல்லாம், கிளம்பும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் போய் அந்த ஓர் அமைப்பை மாற்றிச் சேமிப்பது மட்டுமே. நல்ல நிலையில் ஓடும் கணினியின் பயாஸ் திரைகளை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

8. ஹார்டு டிஸ்க்: முதலில் கோப்புகள், பிறகு பழுது

"ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்றோ "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்றோ வந்தால், பயாஸுக்குள் போய் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். தெரியாவிட்டால் டிஸ்குக்கும் போர்டுக்கும் இடையே உள்ள சாட்டா கேபிளை மாற்றுங்கள், போர்டில் வேறு துளையிலும் செருகிப் பாருங்கள்; அந்த கேபிளின் விலை நூறு ரூபாய்க்கு முன்னே பின்னேதான் இருக்கும். டிஸ்கிலிருந்து டக், டக் என்று சீராகத் தட்டும் ஓசை வந்தால் அப்போதே அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முறை கிளப்புவதும் உள்ளே இருப்பதை மேலும் அழிக்கும்.

டிஸ்க் தெரிகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் எதையும் சரிசெய்ய முயல்வதற்கு முன் கோப்புகளை வெளியே எடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் வரும் நட்டத்துக்குப் பின்னால் எந்த மருந்தும் இல்லை. நண்பரின் கணினியில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவில் இருப்பவை அழிந்துவிடும் என்பதால் காலியானதையே பயன்படுத்துங்கள். அதைச் செருகிக் கணினியைக் கிளப்பும்போது போர்டுக்கு ஏற்ப எஃப்8, எஃப்11, எஃப்12 ஆகியவற்றில் ஒன்றை அழுத்தினால் எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்கில் எதையும் நிறுவாமலே லினக்ஸ் ஓடும். அதிலிருந்து டிஸ்கைத் திறந்து, வெளி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுக்கலாம். பழைய கணினிகளின் யூஎஸ்பி 2.0 துளையில் 100 ஜிபி நகலாக ஒரு மணி நேரம் போல ஆகும். டிஸ்க் நலிந்திருந்தால் ஓரிரவே ஆகலாம். யூபிஎஸ் பழுதாக இருந்தால், கரண்ட் போகும் வாய்ப்புள்ள நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

எவற்றை எடுப்பது என்பதில் எல்லாரும் படங்களை நினைவில் வைத்திருப்பார்கள். டேலி கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையையும் டெஸ்க்டாப்பில் கிடப்பவற்றையும் மறந்துவிடுவார்கள். தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இன்னொன்று உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் பத்திரங்களும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். ஆகவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் முழுதாக நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளை எடுப்பதற்கு முன் செக்டிஸ்க் (டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி) ஓட்டாதீர்கள். நலிந்த டிஸ்கை அது மணிக்கணக்கில் கசக்கிப் பிழியும், அரைகுறையாகப் படிக்கக்கூடிய கோப்புகளைத் துண்டாக்கியும் விடும். தட்டும் ஓசை வரும் டிஸ்கில் விலைமதிப்பற்றது ஏதேனும் இருந்தால், அதற்கென்றே உள்ள தரவு மீட்பு நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். பல ஆயிரம் ரூபாய் ஆகும், வாரக்கணக்கில் ஆகும். "திறந்து பாக்கட்டுமா அண்ணாச்சி" என்று கேட்கும் கடையில் டிஸ்கைக் கொடுத்துவிடாதீர்கள். தூசியற்ற அறைக்கு வெளியே திறந்த டிஸ்கை அதன்பின் மீட்பது மிகக் கடினம்.

9. விண்டோஸ்

இதற்கு ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் செலவிடாதீர்கள். விண்டோஸ் 7 என்றால் கிளம்பும்போது எஃப்8 தட்டி சேஃப் மோடும் ஸ்டார்ட்அப் ரிப்பேரும் முயலலாம். விண்டோஸ் 10 என்றால் தொடர்ந்து இரண்டு மூன்று முறை கிளம்பத் தவறியதும் சீரமைப்புத் திரையைத் தானே காட்டும். அதில் சிஸ்டம் ரீஸ்டோரை முதலில் முயலுங்கள். பலிக்காவிட்டால், கோப்புகள்தான் வெளியே வந்துவிட்டனவே, புதிதாக நிறுவிவிடலாம்.

எதை நிறுவுவது என்று யோசிக்க வேண்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இந்த வயதுக் கணினிகளில் பெரும்பாலும் இருக்காது. இணையம் பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் லினக்ஸே போதும். டேலிக்கும் தட்டச்சுக்கும் மட்டும் என்றால் பழைய விண்டோஸை இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்ளலாம். "ஆக்டிவேட் பண்ணித் தாரோம்" என்று கள்ளச் சாவி போட்டுத் தருவதை ஏற்றால், அதோடு வைரஸும் வந்து சேரலாம். அந்தக் கணினியில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

10. வெள்ளத்தில் நனைந்த கணினி

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது நனைந்து, இன்னும் பரணில் கிடக்கும் பெட்டிகள் உண்டு. காய்ந்துவிட்டது என்று நம்பி சுவிட்ச் போட்டுப் பார்க்காதீர்கள்; உள்ளே காய்ந்திருக்கும் வண்டல் ஈரக்காற்றில் மின்சாரத்தைக் கடத்தும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மறந்துவிடுங்கள். டிஸ்கில் முக்கியமானது இருந்தால் வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டாமல், நேராகத் தரவு மீட்புக்கு அனுப்புங்கள்.

11. கடைக்குப் போவதென்றால்

பழுது டிஸ்கில் இல்லை என்பது உறுதியானால் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எஸ்எம்பிஎஸ், ராம், போர்டு ஆகியவற்றைச் சோதிக்க அது தேவையில்லை; உங்கள் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் கேட்காமல் ஃபார்மட் ஆகும் அபாயமும் இல்லை.

என்ன பார்த்தீர்கள் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை. ராமைக் கழட்டினா பீப் அடிக்கி. எஸ்எம்பிஎஸ் மீட்டர்ல பாத்தாச்சு, பன்னெண்டு வோல்ட் சரியா காட்டுது." இவ்வளவு தெரிந்து வந்தவரிடம் எடுத்த எடுப்பில் போர்டு போய்விட்டது என்று சொல்லத் தயங்குவார்கள்.

விட்டுவிட்டு வருவதென்றால் ஜாப் கார்டு கேட்டு வாங்குங்கள். அதில் பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன, ராம் எத்தனை ஜிபி, பார்வைக் கட்டணம் எவ்வளவு, எந்த நாளில் கிடைக்கும் என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். பார்வைக் கட்டணம் பெரும்பாலும் 200 முதல் 500 ரூபாய்க்குள் இருக்கும்; வேலையைக் கொடுத்தால் அதைக் கழிப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கழற்றிய பழைய பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். புதுப் பொருளுக்கு ஜிஎஸ்டி பில் கேட்டால் "பதினெட்டு பர்சன்ட் கூட ஆகும்" என்பார்கள். எஸ்எம்பிஎஸ், டிஸ்க் போன்றவற்றுக்கு அந்தத் தொகையைக் கொடுத்தே பில் வாங்குங்கள், உத்தரவாதம் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

பொருள் கையிருப்பில் இருந்தால் அன்றே முடிகிற வேலை இது. டிடிஆர்2 ராம், பழைய சாக்கெட் போர்டு போன்றவை வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தால் ஒரு வாரம் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், பல கடைகள் பூட்டியிருக்கும். ராம், எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்) விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் இரண்டு கடைகளில் தொலைபேசியில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

பொருள் மாறிப்போனாலோ, பில் கொடுத்தும் உத்தரவாதத்தை மறுத்தாலோ 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

12. எங்கே நிறுத்துவது

எஸ்எம்பிஎஸ், ராம், செல், கேபிள் ஆகிய அளவில் பழுது நின்றால் செலவிடத் தயங்க வேண்டாம். டிஸ்க் நலிந்திருந்தால் அதற்கு மாற்றாக 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டால், பழைய கணினி வாங்கிய நாளில் ஓடியதைவிட விரைவாகவே ஓடும். போர்டு உண்மையிலேயே போய்விட்டது என்று இரண்டு இடங்களில் உறுதியானால் மட்டும் நின்று யோசியுங்கள். போர்டை மாற்றினால் கணினியோடு வந்த விண்டோஸ் உரிமமும் பெரும்பாலும் செல்லாமல் போகும். போர்டு, ராம், வேலைக்கூலி எல்லாம் சேர்ந்து, உத்தரவாதத்தோடு விற்கும் புதுப்பித்த அலுவலகக் கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால், அந்தப் புதுப்பித்ததையே வாங்குவது என் பரிந்துரை. பழைய டிஸ்க் நன்றாக இருந்தால் அதை அதிலேயே இரண்டாவது டிஸ்காக மாட்டிக்கொள்ளலாம். வெற்றுப் பெட்டியைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போடுவதானால், டிஸ்க் உள்ளே இல்லை என்பதை மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.